பிள்ளை அருவி போய்ச் சேரும் இடம்

ஊர்சுற்றிப் பிள்ளைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அருவியில் தண்ணீர் நன்றாக வருகிறது. அப்பாவின் முட்டிவலி வழக்கம்போல நான் ஏதாவது வேலை சொல்லும்போது மட்டும் வருகிறது. நீ நன்றாக இருக்கிறாயா என்று உன் போட்டோக்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அவற்றில் நீ இருந்தால்தானே! போன மாதம் அனுப்பியதில் ஒரு சாய்ந்த கோபுரம் இருந்தது, அதைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு உள்ளங்கை இருந்தது, அந்த உள்ளங்கை உன்னுடையது என்று நானாகத்தான் யூகித்துக்கொண்டேன். அதற்கு முன்னால் வந்தது ஒரு பெரிய பள்ளத்தாக்கு. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் தேடிவிட்டு, கீழே புள்ளி மாதிரி தெரியுதே அவன்தான் என்றார். நான் பெரிதாக்கிப் பார்த்தேன், அது கழுதை. இருபத்தாறு வருடமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் இடம் காட்டிப் பிழைக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், நீ இடத்தைப் பார்க்கிற விதமே சரியில்லை. நீ அனுப்பிய அந்தப் பிரமாண்டமான அருவிப் படத்தை எடுத்துக்கொள். தண்ணீர் அதிகம்தான், நான் மறுக்கவில்லை, நம்முடையதை அதன் பக்கத்தில் வைத்தால் குழாய் ஒழுகுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அவ்வளவு கூட்டத்துக்கு எத்தனை கழிப்பறை இருக்கிறது, உட்கார நிழல் இருக்கிறதா, வயதானவர்கள் எந்த வழியாக இறங்குகிறார்கள், ஒன்றுமே எழுதவில்லை. ஒரு இடம் நல்ல இடமா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். அப்பா அருவியைப் பார்க்கவே இல்லை. படகில் நிற்கிறவர்கள் போட்டிருக்கும் நீல மழைக்கோட்டுக்குப் பட்டனா நாடாவா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். மழைக்கோட்டும் ரப்பர் செருப்பும் வாடகைக்கு விடுகிறவருக்கு உலகம் முழுக்க மழைக்கோட்டாகத்தான் தெரியும்.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ மூன்று ம் போட்டுவிட்டு, லிஃப்ட் ஒண்ணு பாதியில நிக்குதாம்மா அப்புறம் பேசறேன் என்று கம்பி நீட்டிவிடுகிறாய். நீ பழுது பார்க்கிற லிஃப்ட் எல்லாம் நான் கூப்பிடுகிற நேரம் பார்த்துத்தான் பாதியில் நிற்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. காகிதத்தில் அந்த வம்பு இல்லை, உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். விஷயம் என்னவென்றால், என் பிழைப்புக்கே வேட்டு வைக்கிற மாதிரி ஒன்று இங்கே நடந்தது. நீ பயப்படுவாய் என்று அப்போது சொல்லவில்லை. பொய் எதற்கு, எனக்கு வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை. சுற்றுலா அலுவலகத்தில் புதிதாக ஒரு விதி கொண்டுவந்திருக்கிறார்கள். இனிமேல் வழிகாட்டிகள் எல்லாரும் பரீட்சை எழுத வேண்டும், நூற்றுக்கு அறுபது வாங்கினால்தான் பேட்ஜ். பேட்ஜ் இல்லாதவர்களுக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வாசலோடு சரி, உள்ளே விடமாட்டார்கள். வேலையை விட்டு நிறுத்தமாட்டார்களாம், பெரிய மனசு. வாசலில் பை வைக்கிற அறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கலாமாம். நீயே யோசித்துப் பார், காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசிப் பேசியே வயிறு வளர்த்தவள் நான். அருவியை எத்தனை மணிக்கு நிறுத்துவீங்க என்று கேட்கிறவர்களுக்குக்கூட முகம் கோணாமல் பதில் சொல்லியிருக்கிறேன். என்னை ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்து நம்பர் மட்டும் சொல்லச் சொன்னால் நான் ஒரு வாரத்தில் அந்தப் பைகளிடமே பேச ஆரம்பித்துவிடுவேன்.

பரீட்சையைப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பெஞ்சு. குகைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர் என் பக்கத்தில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு, முதல் மணி அடித்ததிலிருந்து கடைசி மணி வரை என் தாளையே பார்த்து எழுதினார். குகைக்குள் இருட்டில் பார்த்துப் பழகிய கண், ஒன்றும் தப்பவில்லை. ஏரியின் ஆழம், தொங்குபாறையின் எடை, எல்லாம் எனக்கு அத்துப்படி. அருவிக்குப் போகும் படிகள் எத்தனை என்று கேட்டிருந்தார்கள். ஒரு படி பெயர்ந்து விழுந்து ஆறு வருடம் ஆகிறது, ஆனாலும் புத்தகத்தில் இருக்கிற இருநூற்றுப் பதினாலையே எழுதினேன். அவ்வளவு அனுசரித்துப் போகிறவள் நான். ஏழாவது கேள்வியில்தான் கை நின்றுவிட்டது. கதைப்படி பிள்ளை அருவிக்கு இறுதியில் என்ன ஆயிற்று, இரண்டு மதிப்பெண். அவர்கள் எதிர்பார்க்கிற பதில் என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். பார்வை மேடையில் வைத்திருக்கும் பலகையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, கோபித்துக்கொண்டு சென்ற பிள்ளை திரும்பி வரவே இல்லை, தாய் வடிக்கும் கண்ணீரே இன்றும் சாரலாக நம்மீது விழுகிறது என்று. நான் அதை எழுதவில்லை. சற்றுக் கீழே போய் அம்மாவோடு சேர்ந்துகொள்கிறது என்று எழுதினேன், அடியில் ஒரு கோடும் போட்டேன். முடிவு வந்தது. எனக்கு ஐம்பத்தொன்பது. என்னைப் பார்த்து எழுதிவிட்டு ஏழாவதை மட்டும் பலகையில் உள்ளபடி எழுதிய குகைக்காரருக்கு அறுபத்தொன்று. வீட்டுக்கே வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை போடவில்லை.

இந்தக் கதை யாருடையது என்று உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. உனக்கு ஐந்து வயது. பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, அதனால் உன்னையும் குழுவோடு இழுத்துக்கொண்டு போவேன், ஒரு கையில் கொடி, ஒரு கையில் நீ. மேலே ஆறு ஒரு பாறையில் முட்டி இரண்டாகப் பிரிகிறதல்லவா, இடது பக்கம் பெரிதாக ஒன்று, வலது பக்கம் ஒல்லியாக ஒன்று. ஒல்லியானது பாறை மடிப்புக்குள் விழுந்து கண்ணுக்கு மறைந்துவிடும். நீ கம்பிக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு, சின்னது ஏம்மா தனியா போகுது என்று கேட்டாய். அது பிள்ளை அருவிடா, அம்மாகிட்ட கோவிச்சுக்கிட்டுப் போகுது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொல்லி வாயை மூடவில்லை, உன் முகம் தொங்கி உதடு பிதுங்கிவிட்டது. பதினெட்டுப் பேர் கொண்ட குழு பார்த்துக்கொண்டிருக்கிறது, நீ அழ ஆரம்பித்தால் அருவிச் சத்தத்தையே அமுக்கிவிடுவாய், அதனால் அவசர அவசரமாக, கீழ போய் அம்மாகூட சேந்துக்கும்டா என்று முடித்தேன். கூட்டம் கைதட்டியது. அன்றைக்கு மாட்டிக்கொண்டதுதான், தினமும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மூன்று வருடம் கழித்து அலுவலகத்திலிருந்து குறிப்பேடும் கையுமாக ஒருவர் வந்தார், பலகை எழுதுவதற்குத் தகவல் சேகரிக்க. நான் சொல்லச் சொல்ல எழுதினார். பிள்ளை கோபித்துக்கொண்டு போன இடம் வரைக்கும் வந்தபோது வேன் டிரைவர் ஹார்ன் அடித்துவிட்டார். அந்த மனிதர் மீதிக் கதையைக் கேட்காமல் ஓடிப் போய் ஏறிக்கொண்டார். முடிவை அவராகவே வைத்துக்கொண்டார், கண்ணீர் சாரல் எல்லாம் அவர் கைங்கரியம். அதற்குப் பிறகு நான் பலகைக்குக் கீழே நின்றுகொண்டு சரியான முடிவைச் சொன்னால், போர்டுல அப்படி இல்லியே என்று என்னைத் திருத்துகிறார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டு அந்தப் பலகையோடு போட்டோ வேறு எடுத்துக்கொள்கிறார்கள்.

ஐம்பத்தொன்பதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறவளா உன் அம்மா. மறுநாளே அலுவலகத்துக்குப் போனேன். விடைத்தாள் திருத்திய அதிகாரிக்கு உன் வயதுதான் இருக்கும், சட்டைப்பையில் மூன்று சிவப்புப் பேனா வைத்திருந்தார், அதனால் நாங்கள் எல்லாரும் அவருக்குச் சிவப்புப் பேனா என்றே பெயர் வைத்துவிட்டோம். மரியாதையான பிள்ளைதான், நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, விடைக்குறிப்புல என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க் போட முடியும் மேடம் என்றார். நான் சொன்ன கதைக்கு நான் சொன்னதுதானே முடிவு என்றேன். நீங்க சொன்னதுன்னு எங்கேயும் பதிவு இல்லியே என்றார். அப்போதுதான் அவர் தலைக்கு மேலே மாட்டியிருந்த நம் அருவியின் பெரிய படத்தைப் பார்த்தேன். பெரியது வலது பக்கம், சின்னது இடது பக்கம். அச்சடித்தவன் படத்தை இடவலமாக மாற்றிப் போட்டிருக்கிறான், அந்த அறையில் ஆறு பேர் தினமும் அதன் கீழே உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. தம்பி, நீங்க அருவியைப் பாத்திருக்கீங்களா என்று கேட்டேன். அவர் காது மடல் சிவந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம், ஏழு இடங்களுக்கும் கேள்வித்தாள் எழுதியிருக்கிறார், ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. பார்க்காத இடத்துக்குப் பரீட்சை வைக்கிறீங்களே என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கதையை விடுங்க மேடம், தண்ணி நெசமாவே கீழ சேருதுன்னா அது கதை இல்ல, நேர்ல காட்டுங்க, பாத்துட்டு மார்க் போடறேன், சேரலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது என்றார். தாராளமா வாங்க, வியாழக்கிழமை காலைல வாங்க என்று சொல்லிவிட்டு விறைப்பாக எழுந்து வந்தேன்.

படியிறங்கும்போதுதான் எனக்கே உறைத்தது. உன்னிடம் சொல்வதற்கு என்ன, நானும் பார்த்ததில்லை. இருபத்தாறு வருடம், பார்வை மேடையின் கம்பியைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. தண்ணீர் கீழேதானே போகும், கீழே போனால் எங்காவது சேராமலா இருக்கும் என்று உனக்கு ஐந்து வயதில் சொன்னதை நானே நம்பிக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கிறேன். அந்தப் பையனைப் போட்டு அந்த வாங்கு வாங்கினேனே, எனக்கு அந்த யோக்கியதை உண்டா. அப்பாவிடம் சொன்னேன். அவர் மழைக்கோட்டை மடித்துக்கொண்டே, டோக்கன் ரூம்ல ஃபேன் இருக்கு என்றார். அந்த மனிதர் ஆறுதல் சொல்லும் அழகு அது. கடைசியில் அவர்தான் யோசனையும் சொன்னார், பாட்டில் அக்காவைக் கேளு என்று. உனக்குத் தெரிந்தவர்தான், அருவியில் ஆட்கள் வீசி எறிகிற பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு சாக்குமூட்டையோடு வருவாரே, துப்புரவு வேலை செய்கிற அக்கா. வாரத்துக்கு இரண்டு முறை கம்பிக்கு அந்தப் பக்கம் இறங்குகிற ஒரே ஆள் அவர்தான். போய்க் கேட்டேன். இத்தனை வருஷத்துல ஒருத்தி வந்து கேட்டியே என்று சொல்லிச் சிரித்தாரே தவிர, சேருதா இல்லையா என்று சொல்லவில்லை. வந்து பாத்துக்க என்றார்.

வியாழக்கிழமை சிவப்புப் பேனா பளபளவென்று பாலிஷ் போட்ட தோல் செருப்போடு வந்து இறங்கினார். நான் அப்பாவின் கடையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து நீட்டினேன், வேண்டாம் என்றார், முதல் பத்து நிமிடத்திலேயே பாசியில் வழுக்கி உட்கார்ந்த பிறகு வாங்கிக்கொண்டார். பாட்டில் அக்கா முன்னால், நான் நடுவில், அவர் பின்னால். பாதை என்று ஒன்று கிடையாது, வேரைப் பிடி, கல்லைப் பிடி, சில இடத்தில் உட்கார்ந்தே நகர வேண்டும். பழக்கதோஷத்தில் நான் திரும்பித் திரும்பி, இடது பக்கம் பாருங்க, தலை குனிஞ்சு வாங்க, குழுவை விட்டுப் பிரியாதீங்க என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன், இருந்தது ஒரே ஒரு ஆள். ஒரு மணி நேரம் போயிருக்கும், பிள்ளை அருவி விழுகிற அடிவாரத்துக்கு வந்தோம். அங்கே பார்த்தால், வீடு அளவுக்குக் கிடக்கிற பெரிய பாறைகள், தண்ணீர் அவற்றின் இடுக்கில் இறங்குகிறது, அவ்வளவுதான், காணோம். அந்தப் பக்கம் வெறும் காய்ந்த கல். பலகை எழுதிய மகானுபாவர் சொன்னதுதான் சரி, போன பிள்ளை போனதுதான். சிவப்புப் பேனா என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, பரவால்ல மேடம், டோக்கன் ரூமும் நல்ல வேலைதான் என்றார். அவரும் அப்பாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் போலிருக்கிறது. நான் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டில் அக்கா மட்டும் நிற்கவே இல்லை. அதுக்குள்ள உக்காந்தா எப்படி, இன்னும் இருக்கு வா என்று பாறைகளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

நாங்களும் பின்னால் போனோம். இன்னும் அரை மணி நேரம். வளைவு திரும்பினதும் பெரிய ஆறு கண்ணில் பட்டது, நாம் மேலேயிருந்து பார்க்கிற ஆர்ப்பாட்டம் எல்லாம் அடங்கி, தேமே என்று ஓடுகிறது. அதன் ஓரத்தில் பாறைகளுக்கு அடியிலிருந்து இரண்டு முழ அகலத்துக்குத் தண்ணீர் புறப்பட்டு வந்து ஆற்றில் கலக்கிறது. கலக்கிற இடத்தில் ஒரு குட்டை, குட்டை நிறைய பாட்டில். இதுதாம்மா உன் புள்ள என்றார் பாட்டில் அக்கா. சிவப்புப் பேனா விடுகிற ஆளா, இது வேற ஊத்தா இருக்கலாமே, அந்தத் தண்ணிதான்னு என்ன அத்தாட்சி என்றார். அக்கா சாக்கில் கைவிட்டு இரண்டு மூடியை எடுத்துக் காட்டினார். நீல மூடி போட்ட தண்ணீர் பாட்டில் சின்ன அருவிப் பக்கத்துக் கடையில் மட்டும்தான் விற்கிறார்களாம், சிவப்பு மூடி பெரிய அருவிப் பக்கத்தில். இந்தக் குட்டையில ரெண்டும்தான் கெடக்கு, பத்து வருஷமா பொறுக்குறேன், எனக்குத் தெரியாதா என்றார். நம் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாத பூகோளத்தை அந்த அம்மாள் மூடியை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் நீல மூடி வாங்குகிறவன் பெரிய அருவியிலும் போய் வீசலாமே என்றார் சிவப்புப் பேனா. வாஸ்தவம்தான், நம் ஜனங்கள் எங்கேயும் வீசுவார்கள். சரி, இப்போதே மேலேயிருந்து ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று முடிவானது. ஒரு பாறை மேல் ஏறி நின்று கையை உயர்த்தினால் போனில் இரண்டு கோடு வரும் என்று அக்கா காட்டினார். ஏறினேன். அப்பாவைக் கூப்பிட்டு, மேல ஆறு பிரியற எடத்துக்குப் போய், வலது பக்கத் தண்ணியில எதையாவது போடுங்க, மெதக்கணும், பாத்தா அடையாளம் தெரியணும் என்று கத்தினேன். எதைப் போட என்று கேட்டார். எதையாவது போடுங்க, உங்க மூளையைத் தவிர என்றேன். அதிகாரி முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, வந்துவிட்டது. போட்டாச்சு என்று சொல்ல மறுபடி கூப்பிட்டார், என்ன போட்டார் என்று கேட்பதற்குள் கோடு போய்விட்டது.

பிறகு காத்திருந்தோம். பாறை அடியிலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் மூன்று பேரும் குனிந்து குனிந்து பார்த்தோம். ஒரு இலை வந்தது. ஒரு சோளக்கட்டை வந்தது, இதுவா என்றார் சிவப்புப் பேனா, அது நேத்து யாரோ தின்னது என்றார் அக்கா. பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. நான் முதலில் மதிப்பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பேட்ஜ், வாசல், டோக்கன் அறை எல்லாம் கண் முன்னால் வந்து போனது. அப்புறம் எப்போது என்று தெரியாது, அது எல்லாம் மறந்துபோய், வரணும், வந்துடணும் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. என்ன வர வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது, ஆனால் வராமல் போய்விட்டால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். உடனே அம்மா எனக்கு ஊசி குத்துகிறாள் என்று நினைக்காதே. குத்தத்தான் செய்கிறேன், ஆனால் பாதி ஊசி எனக்கும்தான், கேள். நாற்பதாவது நிமிடம் பாறை இடுக்கில் மஞ்சளாக ஏதோ மாட்டிக்கொண்டு ஆடியது, ஒரு சுற்று சுற்றியது, புளுக்கென்று வெளியே வந்து குட்டையில் மிதந்தது. அப்பா கடை வாடகைச் செருப்பு. கறுப்பு பெயிண்டில் பதினேழு என்று நம்பர். சிவப்புப் பேனா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேருது மேடம், சேருது என்று கூச்சல் போட்டார், எட்டு மாதமாக நாற்காலியில் அடைத்து வைத்த பிள்ளை பாவம். அக்கா எதுவும் நடக்காத மாதிரி சாக்கில் பாட்டிலைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அழுதேன், சாரல் என்று சொல்லிச் சமாளிக்க அங்கே சாரலும் கிடையாது.

அந்தக் குட்டைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அன்றைக்குக் கதையைக் கேட்டு அழுகையை நிறுத்தின பிறகு நீ, சேர்ற எடத்தைக் காட்டும்மா என்றாய். அடுத்த வாரம் காட்டறேன் என்றேன். அடுத்த வாரம் கேட்டாய், குழு நிற்கிறது என்றேன். மழைக்காலம் முடியட்டும் என்றேன், பரீட்சை லீவு வரட்டும் என்றேன். உனக்கு ஒன்பது வயது ஆகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாய், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாய், நீ விட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் இடம் காட்டினேன், உனக்கு ஒன்றரை மணி நேரம் கீழே இறங்கிக் காட்டவில்லை. ஆறு வருடமாக நீ போனில், அடுத்த வருஷம் வரேம்மா, ப்ராஜெக்ட் முடியட்டும்மா என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், இந்தப் பேச்சை எங்கே கற்றுக்கொண்டான் என்று அப்பாவிடம் குதிப்பேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் வியாழக்கிழமைதான் புரிந்தது. தப்பு என்னுடையதுதான்டா. எழுதிக் கையெழுத்தே போட்டுத் தருகிறேன்.

இரண்டு மதிப்பெண்ணும் கிடைத்துவிட்டது, அறுபத்தொன்று, குகைக்காரரும் நானும் சமம், அது ஒன்றுதான் வருத்தம். பேட்ஜ் வந்துவிட்டது, அப்பா அதைப் பார்த்துவிட்டு, போட்டோல நீ கோவமா இருக்கே என்றார், செருப்பில் இடது கால் மட்டும் போட்டதற்கு நான் திட்டின மறுநாள் எடுத்த போட்டோ அது. வலது காலை யாருக்கு வாடகைக்கு விடுவது என்று நீயே சொல். பலகையை மாற்றுகிறார்கள். கடைசி வரியை என்னையே சொல்லச் சொன்னார் சிவப்புப் பேனா, போய்ச் சேர்ந்துகொள்கிறது என்று போடுங்கள் என்றேன், எவ்வளவு நேரத்தில் என்று குறிப்பிட வேண்டாமா என்று கேட்டு, நாற்பது நிமிடம் என்று அவராகவே சேர்த்துக்கொண்டார். குட்டை வரைக்கும் பாதை வெட்டிக் கயிறு கட்டி, எட்டாவது இடமாகச் சேர்க்கப் போகிறார்கள். பாட்டில் அக்காவுக்கும் பேட்ஜ், பரீட்சை இல்லாமலே. வழி வழுக்கும் என்பதால் ஒரு குழுவுக்குப் பதினைந்து பேருக்கு மேல் அனுமதி கிடையாது, குழு என் பொறுப்பு. நான் பதினான்கு பேரைத்தான் சேர்க்கப் போகிறேன். முதல் குழுவுக்கும் அப்படித்தான், அதற்கு அடுத்ததற்கும் அப்படித்தான். நீ எப்போது வருகிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை, நான் உன்னைக் காக்க வைத்ததில் பாதிகூட நீ இன்னும் என்னைக் காக்க வைக்கவில்லை. ஒரு இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று அதிகாரி கேட்டால், பதினைந்தாவது ஆள் வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குத் தூங்கு, நீ சரிசெய்கிற லிஃப்ட் எல்லாம் உன் மேல் விழாமல் இருக்கட்டும், நீ போகிற ஊரெல்லாம் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராது. அடுத்த போட்டோவில் கோபுரம் பாதி தெரிந்தாலும் பரவாயில்லை, முகம் முழுதாகத் தெரிய வேண்டும். அந்த நீலக் கோட்டுக்குப் பட்டனா நாடாவா என்று மறக்காமல் எழுது, அப்பா தினமும் கேட்கிறார்.

இப்படிக்கு,
அரசு அனுமதி பெற்ற வழிகாட்டி, பேட்ஜ் எண் நாற்பத்திரண்டு,
உன் அம்மா.